பாய் கடை வாசலில் இரண்டு மணி நேரம்

1

எங்கள் ஸ்டேஷன் தெருவுக்குப் பார்க்கிங் மெஷின் வந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம் ஆகிறது. இதெல்லாம் ஒரு விசேஷமா என்று கேட்பீர்கள். பேராவூரணியிலிருந்து வீடியோ காலில் வந்த என் தம்பியும் அதைத்தான் கேட்டான். தென்னந்தோப்பில் நின்றுகொண்டிருந்தான், பின்னால் தேங்காய் உரிக்கிற சத்தம்.

"ஏன்க்கா, தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வண்டிய நிறுத்துனா, கக்கத்துல சீட்டுப் புக்கை இடுக்கிகிட்டு ஒருத்தர் ஓடி வருவாரே, அந்த வேலைக்கா நீ படிச்சுட்டு மெல்பர்ன் போன?"

"ஆமாண்டா. ஆனா நான் ஓட மாட்டேன். நடந்துதான் போவேன்."

மெல்பர்னின் கிழக்கே ஒரு புறநகர்க் கவுன்சிலில் நான் பார்க்கிங் ஆபீசர். நீலச் சட்டை, தொப்பி, கையில் செங்கல் கனத்தில் ஒரு கருவி. இங்கே சாலையோரத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பலகை நட்டிருப்பார்கள். இங்கே இரண்டு மணி நேரம் நிறுத்தலாம், இங்கே சரக்கு இறக்குபவர்கள் மட்டும், இங்கே பள்ளி விடும் நேரத்தில் கூடவே கூடாது என்று எழுதியிருக்கும். நான் வண்டி நம்பரைக் கருவியில் ஏற்றிக்கொண்டு போய், சுற்றிவிட்டுத் திரும்பி வருவேன். நேரம் தாண்டியும் அதே வண்டி அதே கட்டத்தில் நின்றால் படம் எடுத்து, சீட்டு அடித்து, கண்ணாடியில் செருகிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அபராதத்தை என் கையில் யாரும் தர முடியாது. தப்பாகப் போட்டுவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தால், அதைப் படித்து முடிவு செய்வது நானல்ல, அலுவலகத்தில் வேறொருவர்.

நம் ஊரில் கேட்டுக்குக் கேட் "வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்" என்று எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள், நினைவிருக்கிறதா? விசாரணை, தீர்ப்பு, தண்டனை மூன்றையும் வீட்டுக்காரரே பார்த்துக்கொள்வார். என் கணவரிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். இங்கே காற்றைப் பிடுங்கினால் பிடுங்கியவரைத்தான் போலீஸ் தேடி வரும்.

2

இந்த வேலைக்கு நேர்முகத் தேர்வில், "ஒருவர் எவ்வளவு நேரம் நிறுத்தலாம் என்று ஏன் கட்டுப்பாடு வைக்கிறோம்?" என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் போனவர்கள் போக்குவரத்து, பாதுகாப்பு என்று மனப்பாடமாக ஒப்பித்திருப்பார்கள். நான் வாய்க்காலைச் சொன்னேன்.

எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. மேட்டூர் திறந்து, தஞ்சாவூர்க்காரர்கள் நாற்று விட்டு முடித்து, அதற்கும் பிறகுதான் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தலைகாட்டும். தலைமடையில் இருப்பவர் வயல் நிறைந்து வழிந்தாலும் மடையை அடைக்க மாட்டார், நாளைக்கு வருமோ வராதோ என்கிற பயம். அதனால்தான் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். மதகுச் சாவியை வைத்திருக்கும் லஸ்கர் வந்து, உன் முறை முடிந்தது என்று ஷட்டரை இறக்குவார். இறக்கும்போது தலைமடைக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டுவார். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு அவர் இறக்கினால்தான் எங்கள் வீட்டில் அந்த வருடம் நெல். "நான் அந்த லஸ்கர் மாதிரி" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மேலாளர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். வேலை கிடைத்தது.

திட்டும் கிடைக்கிறது, குறைவில்லாமல். முதல் மாதத்தில் ஒருவர் என்னிடம் கத்தத் தொடங்கியதும் பதறிப்போய், நம் ஊர் பஸ்ஸில் சொல்கிற மாதிரியே, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்" என்பதை அப்படியே இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். மனிதர் சட்டென்று அடங்கி, காரில் ஏறி, அதைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கோட்டுக்கு நேராக நிறுத்திவிட்டு, "இப்போது சரியா?" என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேறென்ன செய்வது.

3

ஸ்டேஷன் தெருவில் ரஹ்மத்துல்லா பாயின் மளிகைக் கடை இருக்கிறது. பாய் கூத்தாநல்லூர்க்காரர். சிங்கப்பூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு இங்கே வந்து கடை போட்டவர். சீரகச் சம்பா, தேங்காய்ப்பூ, நல்லெண்ணெய், நம் பக்கத்து முறுக்கு எல்லாம் அங்கே கிடைக்கும். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

என் மகள் யாழினி சனிக்கிழமைகளில் அந்தக் கடையில் கல்லாவில் நிற்கிறாள். பள்ளியில் கடைசி வருடம் படிக்கிறாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும், அதுவும் காதில் மாட்டியதைக் கழற்றினால்தான் வரும். அந்தப் பெண் பாய் கடையில் நின்று, "ஆன்ட்டி, புது வெல்லம் வந்திருக்கு, தரவா?" என்று கேட்டதை ஒருநாள் வெளியில் நின்று என் காதால் கேட்டேன். தெருவென்றும் பார்க்காமல் நின்று ரசித்தேன். வாரத்தில் ஒருநாளாவது என் பெண்ணைத் தமிழ் பேச வைத்த அந்தக் கடை மேல் எனக்குத் தனிப் பாசம்.

கடைக்கு ஒரு வேன் உண்டு. அது காலையிலிருந்து மாலைவரை கடை வாசலிலேயே நிற்கும். பாய் விடிந்ததும் வாசலைக் கூட்டுவார். நடைபாதையை மட்டுமல்ல, அதற்கு அப்பால் தார் ரோட்டில் கார் நிற்கிற கட்டத்தையும் சேர்த்துக் கூட்டுவார். கூட்டி, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெளிப்பார். வேன் வெளியே போனால் அந்தக் கட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு இடம் பிடிப்பார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வளர்ந்தவர்கள் நாம், எனக்கு அது புரியாமல் இல்லை. எங்கள் தெருவில் வேலை பார்த்த ஆஸ்திரேலியக்காரர் ஒருவருக்குத்தான் புரியவில்லை. உட்கார ஆள் வரப்போகிறார்களா என்று கேட்டார்.

"பாய், நாற்காலிய எடுத்துருங்க. அது பொது இடம்."

"தங்கச்சி, நான் கூட்டுற இடம். நான் தண்ணி தெளிக்கிற இடம். நம்ம வாசல்ல நம்ம வண்டி நிக்கக்கூடாதா?"

நாற்காலியை எடுத்துவிடுவார். வேனை மட்டும் எடுக்க மனசு வராது. சொல்லிப் பார்த்ததில், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாயம் விளையாடுகிற மாதிரி பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்துவார். அதில் சட்டப்படி குற்றமில்லை.

எனக்கு இந்த வாசல் விஷயத்தில் கொஞ்சம் கோபம் உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா இன்னொருவர் வயலில் கூலிக்கு நட்டு, அறுத்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர். அவருடைய சின்ன வயதில், சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய தெரு ஒன்று இருந்தது. ரோடு போட்டது அரசாங்கம்தான். ஆனாலும் அது அந்தத் தெருக்காரர்கள் வாசல். அதனால், ரோடு எல்லோருக்கும் பொது என்று தினமும் நடந்து நடந்து சொல்வதற்கு எனக்கு ஒரு நாடு சம்பளம் தருவது பெரிய சந்தோஷம். கப்பல் மாதிரி காருக்கும் துருப்பிடித்த வேனுக்கும் ஒரே பலகைதான். பாய்க்கு இது எதுவும் தெரியாது. நானும் சொன்னதில்லை.

4

போன வருடத்துக்கு முந்தைய வருடம் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. கடை வாடகை ஒப்பந்தம் இன்னும் இரண்டு வருடத்தில் முடிகிறது, இப்படியே போனால் புதுப்பிக்கப் போவதில்லை, மூடிவிட்டு ஊருக்கே போய்விடுகிறேன் என்று பாய் சொல்ல ஆரம்பித்தார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அரிசி மூட்டைகளைக் குறைத்துக்கொண்டே வந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கவுன்சில் ஒரு நோட்டீஸ் விட்டது. ஸ்டேஷன் தெருவில் இனிமேல் பார்க்கிங்குக்குக் கட்டணம், மெஷின் வரும், போனிலும் கட்டலாம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். பாய் கொதித்துப்போனார். "வர்றதே நாலு பேரு. அவங்ககிட்டயும் காசு கேட்டா எவன் வருவான்? இது கடைய மூடுறதுக்கு வச்ச சீலு" என்று தெருக்காரர்கள் எல்லோரிடமும் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கினார்.

அதே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து திரும்பி வர பாய்க்கு நேரமாகிவிட்டது. வேன் அசையாமல் நிற்கிறது. கருவி நேரம் தாண்டிவிட்டது என்கிறது. பாயைத் தெரியும் என்று வேலையில் சேர்ந்ததுமே மேலாளரிடம் சொல்லியிருந்தேன். முடியாவிட்டால் வேறு தெரு மாற்றித் தருகிறேன் என்றார் அவர். முடியும் என்று சொன்னவள் நான்தான். சீட்டு அடித்துக் கண்ணாடியில் செருகும்போது பாய் தொப்பியோடு வந்துவிட்டார்.

"தொழுகைக்குப் போயிருந்தேன், தங்கச்சி."

"தெரியும் பாய். நேரம் தாண்டிருச்சு."

"நம்ம ஊருப் புள்ள…" என்று ஆரம்பித்தவர், சீட்டை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமைதோறும் யாழினியிடம் எனக்கென்று ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்துவிடுவார். இந்த ஊரில் அது பொன் மாதிரி. அந்தச் சனிக்கிழமை யாழினி வெறுங்கையோடு வந்தாள். நான் அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன்.

"அம்மா, நீ உன் வேலையத்தானே செஞ்ச? அவர் ஃபைன் கட்டிட்டாரு. முடிஞ்சது. ஒய் ஆர் யூ க்ரையிங்?" என்றாள் யாழினி. அவளுக்கு அது உண்மையாகவே விளங்கவில்லை. சட்டமும் கறிவேப்பிலையும் வேறு வேறு என்று நினைக்கிற ஊரில் பிறந்தவள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன்.

"பாய் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. கடை மூடினா நீ வேற வேலை பாத்துக்கம்மான்னு சொன்னாரு."

என் சீட்டைவிட அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது.

5

என் விடுமுறை நாளில், சீருடை இல்லாமல், சேலை கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். பாய் "வாங்க" என்றார். எப்போதும் "வா தங்கச்சி" என்பவர். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம் பாய். சும்மா உக்காந்துட்டுப் போறேன். விரட்டவா போறீங்க?"

விரட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. நம் ஊர் ஆளுக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் வந்தவருக்கு டீ கொடுக்காமல் இருக்க முடியாது.

கண்ணாடிக்கு வெளியே வரிசையாகக் கார்கள். ஒரு இடம் காலியில்லை. தெருவில் ஆள் நடமாட்டமும் இல்லை. எனக்குத் தினமும் தெரிந்த விஷயம்தான் அது. ஆனால் நான் சொன்னால் கவுன்சில்காரி சொல்கிறாள் என்று ஆகிவிடும்.

"அந்த வெள்ளைக் கார் யாருது பாய்?"

"அது சலூன்காரம்மாது."

"அதுக்கு இந்தாண்ட?"

"மருந்துக்கடைக்காரர். காலைல வந்து வுட்டாருன்னா நடுவுல நகத்துறதுக்கு மட்டும்தான் எடுப்பாரு."

"பச்சை?"

"அது நம்ம கடைல மூட்டை தூக்குற தம்பியோடது. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். அந்தப் பெரிய வண்டி?"

"பேக்கரி." அடுத்ததை நான் கேட்கவில்லை. அது அவருடைய வேன்.

அப்போது ஒரு சிவப்புக் கார் மெதுவாக வந்தது. ஓட்டியது மன்னார்குடிப் பெண், கடைக்கு வழக்கமாக வருபவர், பின் சீட்டில் கைக்குழந்தை. இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனார். ரயில்வே கேட்வரை போய்த் திரும்பி வந்தார். மறுபடியும் சுற்றினார். மூன்றாம் முறை வரும்போது பாய் தன்னையறியாமல் எழுந்து கண்ணாடி ஓரம் போய் நின்றுவிட்டார். அந்தப் பெண் அவரைப் பார்த்து, இடமில்லை என்று கையை விரித்துக் காட்டிவிட்டு, பெரிய கார் நிறுத்தம் உள்ள சூப்பர் மார்க்கெட் பக்கம் திரும்பிப் போய்விட்டார்.

பாய் பிறகு வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலை நீட்டி, வாய்க்குள் ஒவ்வொரு கடைப் பேராகச் சொன்னார். வாங்க வந்தவர் கார் ஒன்றுகூட இல்லை.

"கூத்தாநல்லூர்ல எங்க அத்தாவுக்குக் கொஞ்சம் நஞ்சை இருந்துச்சு" என்றார், திரும்பாமலே. அப்பாவைத்தான் அத்தா என்பார். "நாங்க வெண்ணாத்துத் தண்ணி. கீழ இருக்கிறவங்க வந்து சண்டை போடுவாங்க. நீங்க மடைய அடைக்கவே மாட்டேங்கறீங்கன்னு. எங்க அத்தா, எங்க வயலுக்கே பத்தலேம்பாரு."

நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தப் பொண்ணு கைப்புள்ளைய வச்சுகிட்டு மூணு தடவை சுத்துது தங்கச்சி. நான் வேனை நிறுத்தி வச்சுகிட்டு, யாவாரம் இல்லைன்னு பொலம்பிகிட்டு உக்காந்திருக்கேன்."

தங்கச்சி என்று அவர் வாயிலிருந்து மறுபடி வந்ததும் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் மேல் தப்பில்லை. எந்தக் கடைக்காரரும் தன் வண்டியைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளத்தான் ஆசைப்படுவார். தினமும் பார்க்கிற காட்சியை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

6

கருத்துக் கேட்கும் கூட்டம் நூலகத்தின் மேல்மாடியில் நடந்தது. நான் சீருடையில் கதவோரம் நின்றேன், பேச எனக்கு அனுமதி கிடையாது. பாய் எதிர்ப்புக் கையெழுத்துத் தாள்களைக் கொண்டுவரவில்லை. எழுந்து, நிறுத்தி நிறுத்தி, தன் இங்கிலீஷில் மூன்று விஷயம் கேட்டார். கடைக்காரர்கள் வண்டிகளுக்குத் தெருவுக்குப் பின்னால் உள்ள திடலில் அனுமதிச் சீட்டு கொடுங்கள். காலையில் சரக்கு இறக்க ஓர் இடம் ஒதுக்குங்கள். ஒரு கட்டுக் கீரை வாங்க வருபவரிடம் காசு கேட்காதீர்கள், முதலில் கொஞ்ச நேரம் இலவசமாக விடுங்கள்.

சலூன்காரம்மா அவரைத் துரோகி மாதிரி பார்த்தார். கவுன்சில்காரர்கள் எழுதிக்கொண்டார்கள். இங்கே எழுதிக்கொண்டால் நடக்கும் என்று அர்த்தமில்லை, நம் ஊர் மாதிரிதான். ஆனால் மெஷின் வந்தபோது பின்திடல் அனுமதியும் வந்தது, முதல் கால் மணி நேர இலவசமும் வந்தது. சரக்கு இறக்கும் இடத்தை மட்டும் தெருவின் மறுகோடியில் கொடுத்தார்கள். பாய் அதைச் சொல்லி இன்றுவரை திட்டுகிறார். நியாயமான திட்டு.

முதல் சில வாரங்கள் மோசம். வந்தவர்கள் மெஷினைப் பார்த்து மிரண்டார்கள். வண்டி நம்பரைத் தட்டு என்கிறது, அட்டையைக் காட்டு என்கிறது, காகிதச் சீட்டும் தருவதில்லை. வயதானவர்கள் திரும்பிப் போகப் பார்த்தார்கள். யாழினி கல்லாவை விட்டு வெளியே ஓடி, "மாமா, உங்க நம்பர் சொல்லுங்க, நான் போடுறேன்" என்று ஒவ்வொருவருக்கும் தட்டிக் கொடுத்தாள். போனில் கட்டுவதற்கும் சொல்லிக் கொடுத்தாள். எண்களை அவள் தமிழில் அவ்வளவு வேகமாகச் சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. பாய்தான் தவித்துப்போனார். பின்திடலில் விட்ட வேனை மணிக்கொருதரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வண்டியை விட்டால் சாப்பாடு இறங்கவில்லை என்றார். வாசலைக் கூட்டுவதை மட்டும் விடவில்லை. யார் நிற்கப் போகிற இடமோ, பாய் கூட்டிவிடுகிறார். கவுன்சில் குப்பை வண்டிக்கு எங்கள் தெருவில் வேலை குறைவு.

மெல்ல மெல்ல வாசலில் கார்கள் மாற ஆரம்பித்தன. ஒன்று போனால் ஒன்று வந்தது. அரிசி மூட்டை அடுக்கு மறுபடியும் மேலே ஏறியது. மன்னார்குடிப் பெண்ணின் பிள்ளை இப்போது கடைக்குள் நடக்கிறது, முறுக்கு டப்பாவைத் தானே திறக்கிறது. நான் அதே தெருவில் தினமும் நடக்கிறேன். சிலர் திட்டுகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். எனக்கு இந்த ஊர் போதும், இந்தத் தெரு போதும் என்று சில மத்தியானங்களில் தோன்றுகிறது.

போன வாரம் என் சாப்பாட்டு இடைவேளையில் யாழினி போன் செய்தாள். பள்ளி விடுமுறை என்பதால் கடையில் இருந்தாள். "அம்மா, பாய் உன்ன உடனே வரச் சொல்றாரு" என்றாள். என்னவோ ஏதோ என்று சீருடையோடே ஓடினேன். கல்லா முன்னால் கட்டிட உரிமையாளரின் ஏஜென்ட் உட்கார்ந்திருந்தார். புது வாடகை ஒப்பந்தம், இன்னும் ஐந்து வருடத்துக்கு. பாய் தன் கையெழுத்தைப் போட்டு முடித்திருந்தார். சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.

"பாய், பக்கத்துல மருந்துக்கடைக்காரர் இருக்காரே. பெரிய மனுஷன். நான் எதுக்கு?"

பாய் பேனாவை என் பக்கம் திருப்பி நீட்டினார்.

"தங்கச்சின்னு கூப்பிடுற என் வண்டிக்கே, நேரம் தாண்டுனா சீட்டுக் கிழிச்ச புள்ள நீ. சாட்சிக்கு உன்னவிட நல்ல ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்? போடு தங்கச்சி."

ஏஜென்டுக்கு ஒன்றும் புரியவில்லை. யாழினிக்குப் புரிந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது.